கடலில் ஆங்கிலம் கற்றவர்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

ஆங்கிலப் பாடவேளை என்றாலே நம்மில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தின் கனத்தைக் கண்டே மலைத்துப் போனவர்கள் உண்டு. 'ஷல்' எங்கே வரும், 'வில்' எங்கே வரும் என்று யோசித்து யோசித்தே தேர்வில் பாதி நேரம் போய்விடுகிறது. அந்த 'ஷல்', 'வில்' இரண்டையும் பேச்சில் கடைசிவரை சரியாகப் பயன்படுத்தாத ஒருவர், ஆங்கில நாவலாசிரியர்களின் முன்வரிசையில் வீற்றிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர்தாம் ஜோசப் கான்ராட்.

அவருக்குப் போலிஷ் தாய்மொழி. பிரெஞ்சு இரண்டாம் மொழி. ஆங்கிலம் மூன்றாவது மொழி. அதையும் இருபது வயதான பிறகே, ஆசிரியரோ வகுப்பறையோ இல்லாமல் கற்கத் தொடங்கினார். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பெர்டிச்சிவ் என்ற ஊரில் கான்ராட் பிறந்தார். இன்று உக்ரைனில் உள்ள அவ்வூர் அன்று ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. போலந்து என்ற நாட்டையே ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் 1795க்குள் துண்டு போட்டுப் பகிர்ந்துகொண்டுவிட்டன. நிலப்படத்தில் இல்லாத நாட்டுக்காக உயிர் விடத் துணிந்த கத்தோலிக்கக் குடும்பங்களில் இவருடையதும் ஒன்று. பெற்றோர் வைத்த பெயர் யூசெஃப் தியோடோர் கொன்ராட் கோஷெனியோவ்ஸ்கி. யூசெஃப் என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சூசைதான்.

தந்தை அப்போலோ ஒரு கவிஞர். ரஷ்ய ஆட்சிக்கு எதிராக இரகசியமாகப் பணியாற்றியவர். 1861 அக்டோபரில் வார்சாவில் கைதானார். மறு ஆண்டு, ரஷ்யாவின் வடக்கே குளிர் வாட்டும் வோலக்டா என்ற ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். தாய் ஏவாளும் நான்கு வயதுச் சிறுவன் யூசெஃபும் உடன் சென்றார்கள். குளிரும் வறுமையும் தாயின் உடலைக் குலைத்தன. 1865இல் காசநோயால் அந்த அம்மையார் கண் மூடினார். அப்போது சிறுவனுக்கு வயது ஏழு.

விளையாட ஒரு தோழன் இல்லை, பள்ளி இல்லை. சோகமே உருவான தந்தையும் அவருடைய புத்தகங்களுமே அந்த வீட்டில் இருந்தன. தந்தை பிழைப்புக்காக ஹ்யூகோ, ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ் முதலியோரின் நூல்களைப் போலிஷ் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் மேசைமீது கையெழுத்துத் தாள்கள் சில கிடந்தன. தாய்க்காகத் துக்கக் கறுப்புச் சட்டை அணிந்திருந்த மகன், நாற்காலியில் மண்டியிட்டு, முழங்கைகளை மேசையில் ஊன்றி, அவற்றை வாசிக்கத் தொடங்கினான். அது ஷேக்ஸ்பியரின் 'வெரோனா நகரத்து இரு கனவான்கள்' நாடகத்தின் மொழிபெயர்ப்பு. திடீரென்று தந்தை உள்ளே வந்துவிட்டார். திட்டு விழும் என்று பையன் நடுங்கினான். தந்தை திட்டவில்லை. அந்தப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்தபோது, திருத்தமாகவே வாசிக்கிறாய் என்பதுபோல் தலையசைத்து, தம் மேசையில் கை வைத்த குற்றத்தை மன்னித்துவிட்டார். ஆங்கில இலக்கியம் இவர் வாழ்க்கைக்குள் நுழைந்தது இப்படித்தான். ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லாமல், தந்தையின் கையெழுத்தில்.

அடுத்துத் தந்தை மொழிபெயர்த்த ஹ்யூகோவின் கடல் நாவலின் அச்சுப் படிகளை அவருக்கே முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினான். கடலைக் கண்ணால் காணாத குழந்தைக்குக் கடல் மீது ஆசை பிறந்தது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. 1869 மே மாதம் கிராக்கோ நகரில் தந்தையும் மறைந்தார். ஊரே திரண்டு வந்த அந்த இறுதி ஊர்வலத்தின் முன்னால் பதினொரு வயது அநாதைச் சிறுவன் நடந்து சென்றான்.

தாய்மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி அவனை ஏற்று வளர்த்தார். (ததேயுஷ், நம்மிடையே ததேயு.) கண்டிப்பும் பாசமும் நிறைந்த மாமா. படி, படி என்று அவர் சொல்ல, பையனோ கடலுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். குடும்பத்தில் எவரும் கேள்விப்பட்டிராத ஆசை! கடைசியில் மாமா விட்டுக்கொடுத்தார். 1874 அக்டோபரில், பதினேழு வயது நிரம்புமுன், யூசெஃப் ரயிலேறிப் பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்திருந்ததால் அங்கே தடை இருக்கவில்லை.

அந்தத் துறைமுகத்தில்தான் தன்னை நோக்கிச் சொல்லப்பட்ட முதல் ஆங்கில வார்த்தைகளை இவர் கேட்டார். வழிகாட்டிப் படகில் சென்றபோது, ஓர் ஆங்கிலக் கப்பலின் மேல்தளத்திலிருந்து கயிறு எறிந்த மாலுமி, பார்த்துக்கொள் என்று எச்சரித்துக் கத்தினான். அவ்வளவே. பிற்காலத்தில் தம் கனவுகளையும் எழுதப்போகும் மொழி முதன்முதலில் தம்மோடு பேசிய தருணம் என்று முதுமையில் அதை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

பிரெஞ்சுக் கப்பல்களில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. இவர் ரஷ்யப் பிரஜை. ரஷ்யாவில் இராணுவ சேவைக்குக் கடமைப்பட்டவர் என்பதால் பிரெஞ்சுக் கப்பல்களில் தொடர்ந்து வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்களில் அத்தகைய கேள்விகள் இல்லை. ஆகவே 1878இல் 'மேவிஸ்' என்ற ஆங்கில நீராவிக் கப்பலில் ஏறினார். அவ்வாண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லோஸ்டாஃப்ட் என்ற ஊரில் இறங்கினார். சட்டைப்பையில் காசும் அதிகம் இல்லை, வாயில் ஆங்கிலமும் அதிகம் இல்லை. அந்த நாட்டில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அங்கே 'ஸ்கிம்மர் ஆஃப் தி சீ' என்ற சிறிய பாய்மரக் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். லோஸ்டாஃப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பல் அது. இரண்டரை மாதங்கள் அதில் இருந்தார். அந்த இரண்டரை மாதங்களே அவருக்கு ஆங்கில அரிச்சுவடி. ஆசிரியர்கள், எழுத்து வாசனை குறைந்த கிழக்குக் கரை மாலுமிகள்.

தோழியரே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நாம் ஒரு சொல்லின் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டுவோம். அல்லது சிஸ்டரிடம் கேட்போம். அவருக்கு அந்த அவகாசம் ஏது? பாய்மரக் கப்பலில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பெயர். இருட்டில், மழையில், காற்று ஊளையிடும்போது மேலிருந்து ஒரு கட்டளை வந்தால், அந்தக் கயிற்றை அந்த நொடியில் பிடித்தாக வேண்டும். தப்பான கயிற்றை இழுத்தால் ஒருவர் கடலில் விழலாம். இப்படிப்பட்ட சொற்களஞ்சியப் பாடத்தை நாம் யாரும் படித்திருக்க மாட்டோம். அதனால்தானோ என்னவோ, பிற்காலத்தில் கப்பற்சொற்களைத் தாறுமாறாகப் பயன்படுத்தும் பத்திரிகைகளைக் கண்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமாம்.

கரைக்கு வந்த நேரங்களில் 'ஸ்டாண்டர்ட்' என்ற செய்தித்தாளை வைத்துக்கொண்டு வாசிப்பார். காதில் விழுந்த சொல்லைத் தாளில் தேடுவது, தாளில் கண்ட சொல்லைக் காதில் விழும்வரை காத்திருப்பது; இலக்கண நூல் இல்லாதவருக்கு இதுவே வழி.

செப்டம்பர் மாதம் வேலை தேடி இலண்டன் சென்றார். செய்தித்தாள் விளம்பரத்தில் கண்ட ஒரு கப்பல் தரகருக்குத் தாமே ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார். அந்த மாநகரத்தில் நகர வரைபடம் ஒன்றைத் துணையாகக் கொண்டு, யாரிடமும் வழி கேட்பதில்லை என்ற வைராக்கியத்துடன் நடந்தார். கூச்சமா, தன்மானமா, சொல்லத் தெரியவில்லை. வழி தப்பாமல் தரகரின் அலுவலகத்தைக் கண்டுபிடித்தும்விட்டார். இவர் பேசிய விசித்திரமான ஆங்கிலத்தை அந்தக் கிழவர் புரிந்துகொண்டார். சட்டம் இடம் தராது என்று முதலில் கைவிரித்தவர், பிறகு மனமிரங்கி, 'டியூக் ஆஃப் சதர்லாந்து' என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போக வழி செய்தார்.

அடுத்தது தேர்வுகள். கப்பல் அதிகாரியாக வேண்டுமானால் இலண்டனில் தேர்வாளர் முன் அமர்ந்து கணக்குப் போட வேண்டும். கேட்கும் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். 1880இல், லோஸ்டாஃப்டில் இறங்கி இரண்டே ஆண்டுகளில், 'செகண்ட் மேட்' தேர்வில் வென்றார். அந்த வாய்மொழித் தேர்வு ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீடித்ததாம்! அடுத்த இரு தேர்வுகளிலும் முதல்முறை தோற்று, மறுமுறை எழுதி வென்றார். தம் வரலாற்றை எழுதியபோது வெற்றிகளைச் சுவையாக வருணித்தவர், தோல்விகளைப் பற்றி மூச்சு விடவில்லை. தேர்வுப் பதிவேடுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்களே அதை வெளிக்கொணர்ந்தார்கள். பெரிய எழுத்தாளருக்கும் மதிப்பெண் பட்டியலை மறைக்கும் ஆசை இருந்திருக்கிறது.

'பாலஸ்டைன்' என்ற பழைய கப்பல் ஃபால்மத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் பழுது பார்க்கப்பட்டபோது இவர் அதில் அதிகாரி. ஐந்து ஷில்லிங் விலையில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதும் அடங்கிய ஒரே தொகுதியை வாங்கினார். பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலைக்காரர்களின் சுத்தியல்கள் காதைப் பிளக்க, கிடைத்த வேளையிலெல்லாம் அதை வாசித்தார். எட்டு வயதில் தந்தையின் போலிஷ் எழுத்தில் வாசித்தவரை இப்போது அவருடைய சொந்த மொழியிலேயே வாசிக்கிறார். தந்தை இருந்திருந்தால் மறுபடியும் உரக்க வாசிக்கச் சொல்லியிருப்பார்.

இவர் நம் சென்னைக்கும் வந்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பல் சென்னைத் துறைமுகம் வந்தது. கான்ராட் அதில் இரண்டாவது மேட். கேப்டனுக்கு உடல்நலமில்லை என்று மருத்துவரை அழைத்து வரக் கரைக்கு அனுப்பப்பட்டார். போன இடத்தில் மருத்துவரிடம், கேப்டனுக்கு நோயில்லை, குடிபோதைதான் என்று சொல்லிவிட்டார். அது கேப்டனின் காதுக்கு எட்டியது. அவ்வளவுதான், வேலை போயிற்று! மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. விடுப்புச் சான்றிதழில் நன்னடத்தைக்கு உரிய இடத்தில் 'டிக்லைன்' என்று கேப்டன் எழுதிவிட்டார். இவரைப் பற்றிச் சொல்ல மறுக்கிறேன் என்று பொருள். ஆங்கிலத்தின் ஒரே ஒரு வினைச்சொல் ஒரு மனிதனின் பிழைப்பையே கெடுக்கும் என்பதை அவர் நம் சென்னையில் கற்றார். ரயிலில் பம்பாய் சென்று 'நார்சிஸஸ்' என்ற கப்பலில் சேர்ந்தார். 'ரிவர்ஸ்டேல்' சிறிது நாளிலேயே மசூலிப்பட்டினம் அருகே கரை தட்டியது. விசாரணையில் அந்தக் கேப்டன் மீதே தவறு காணப்பட்டது.

1886இல் பிரிட்டிஷ் குடியுரிமை, அதே ஆண்டில் கேப்டன் சான்றிதழ். 1888இல் பாங்காக்கில் 'ஒட்டாகோ' கப்பலின் தலைமை. வெளியிலிருந்து பார்த்தால் இனி இவர் கப்பல் கேப்டன், கதை முடிந்தது. ஆனால் 1889இல் இலண்டனில் வேலையின்றி அறையில் இருந்த ஒரு காலைவேளையில், போர்னியோ தீவில் தாம் கண்ட ஒரு மனிதரை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தார். மாமாவுக்குக் கடிதங்களைப் போலிஷில் எழுதுபவர், பிரெஞ்சில் சரளமாக உரையாடுபவர், கதையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினார். பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே அவர் தேர்ந்தெடுத்தார் என்று சிலர் எழுதியபோது, தாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆங்கிலமே தம்மைத் தத்து எடுத்துக்கொண்டது என்று மறுத்தார். அநாதையாக வளர்ந்தவர் இந்த உவமையைச் சொன்னது என் மனத்தைத் தொட்டது.

அந்தக் கையெழுத்துப் பிரதி அவரோடு ஐந்து ஆண்டுகள் உலகம் சுற்றியது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் மூழ்கியிருக்க வேண்டியது, தப்பியது. பெர்லின் ரயில் நிலையத்தில் மறந்து வைத்த பையோடு போயிருக்க வேண்டியது, அதிலும் தப்பியது. 'டாரன்ஸ்' என்ற பயணிகள் கப்பலில் இவர் அதிகாரியாக இருந்தபோது, நுரையீரல் நோயுற்ற ஒரு கேம்பிரிட்ஜ் இளைஞர் பயணியாக வந்தார். யாரிடமும் காட்டாத தாள்களை அவரிடம் கொடுத்தார் கான்ராட். மறுநாள் அவர் திருப்பித் தந்தபோது, இதை முடிப்பதில் பயனுண்டா என்று மட்டும் கேட்டார். ஆம் என்று பொருள்பட ஒரே சொல்லில் விடை வந்தது. சிறிது காலத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நாம் நினைக்க வேண்டும்.

1895இல் அந்த நாவல் 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' என்ற பெயரில் வெளிவந்தது. பதிப்பாளர் தந்த தொகை 20 பவுன். முந்தைய ஆண்டு மறைந்திருந்த மாமாவின் நினைவுக்கு நூல் காணிக்கையாக்கப்பட்டது. கோஷெனியோவ்ஸ்கி என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையாது. கப்பல் பதிவேடுகளில் ஆளுக்கொரு விதமாக எழுதிச் சிதைத்திருந்தார்கள். ஆகவே அட்டையில் ஜோசப் கான்ராட் என்றே அச்சிட்டார்கள்.

மறு ஆண்டு ஜெஸ்ஸி ஜார்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். தட்டச்சு தெரிந்தவர், கணவரின் கையெழுத்தைப் புரிந்து தட்டச்சு செய்து தந்தவர். திருமணமான புதிதில் இருவரும் பிரான்சின் ஒரு சிறு தீவில் தங்கியிருந்தபோது கான்ராடுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் பிதற்றினார். முழுவதும் போலிஷ் மொழியில். ஆங்கிலம் ஒரு சொல்கூட வரவில்லை. ஜெஸ்ஸி அம்மையாருக்குப் போலிஷ் தெரியாது. தம் கணவர் என்ன கேட்கிறார், எதற்கு அழுகிறார் என்று அறியாமல், யாரும் உதவிக்கில்லாத தீவில் நடுநடுங்கிப் போனார்.

இந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு பின்னால் வெளிவந்த அவருடைய 'ஏமி ஃபாஸ்டர்' (1901) கதையைப் படித்தால் கண்ணீர் வந்துவிடும். அமெரிக்கா செல்லும் கப்பல் கவிழ்ந்து, கார்பேத்திய மலைநாட்டு இளைஞன் யாங்கோ இங்கிலாந்துக் கரையில் ஒதுங்குகிறான். அவன் பேச்சு புரியாததால் கிராமத்தார் பைத்தியம் என்று விரட்டுகிறார்கள், குழந்தைகள் கல்லெறிகிறார்கள். ஏமி என்ற வேலைக்காரப் பெண் மட்டும் ரொட்டி கொடுக்கிறாள். அவன் இரவில் தனியே தன் மொழியில் பரலோக மந்திரம் சொல்லிப் படுக்கிறான். ஏமியையே மணக்கிறான். குழந்தை பிறக்கிறது. குழந்தைக்குத் தன் மொழியில் செபம் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் கடுங்காய்ச்சலில் அவன் தண்ணீர் கேட்கிறான். ஆங்கிலத்தில்தான் கேட்கிறோம் என்று எண்ணி, தன் தாய்மொழியில் கேட்கிறான். அவள் மிரண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டே ஓடிவிடுகிறாள். அவன் இறந்துபோகிறான். ஒரு மொழி தெரியாதவன் மனிதனாகவே எண்ணப்படுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எழுதியவர் யாரையும் நான் படித்ததில்லை.

எழுத்து அவருக்கு எளிதாக வந்தது என்று நினைக்காதீர்கள். நாள்தோறும் எட்டு மணி நேரம் மேசைமுன் உட்கார்ந்து, மூன்று வாக்கியங்கள் எழுதி, எழுந்திருக்குமுன் அவற்றையும் அடித்துவிட்டதாக 1898இல் நண்பர் எட்வர்ட் கார்னெட்டுக்கு எழுதினார். தம் ஆங்கில வாக்கியங்களை இருண்ட சுரங்கத்திலிருந்து கரி வெட்டுபவனைப் போலத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது என்று இன்னொரு முறை வருந்தினார். இப்படித் தோண்டியெடுத்தவைதான் 'லார்ட் ஜிம்' (1900), 'டைஃபூன்' (1902), 'நோஸ்ட்ரோமோ' (1904) முதலிய நாவல்கள். 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' காங்கோவில் ஐரோப்பியர் செய்த கொடுமைகளைக் காட்டியது. ஆயினும் அதில் ஆப்பிரிக்க மக்களை மனிதராகவே காட்டவில்லை என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் கடுமையாகக் கண்டித்தார். அச்செபேயும் ஆங்கிலத்தைக் கற்று எழுதியவரே. யாங்கோவின் ஊமை வேதனையை உணர்ந்தவர் காங்கோ மக்களுக்குப் பேச்சே கொடுக்காமல் விட்டது எனக்கும் குறையாகத்தான் படுகிறது.

இரண்டு பக்கமும் அடி விழுந்தது அவருக்கு. போலந்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் எலிசா ஒஷெஷ்கோவா, பணத்துக்காக அந்நிய மொழியில் எழுதித் தாய்நாட்டைக் கைவிட்டார் என்று 1899இல் கண்டித்தார். அந்தப் புண் ஆறவே இல்லை. 1914இல் போலந்து சென்றபோது ஒஷெஷ்கோவாவின் நாவல் ஒன்றை யாரோ நீட்ட, கோபத்தில் கொதித்தெழுந்தாராம். இங்கிலாந்திலோ, இவர் போலிஷிலேயே எழுதியிருந்தால் நன்றாயிருக்கும் என்று 1908இல் ஒரு விமர்சகர் எழுதினார். அங்கே ஆங்கிலத்தில் எழுதியது குற்றம். இங்கே போலிஷில் எழுதாதது குற்றம்!

பேச்சு மட்டும் கடைசிவரை வசப்படவில்லை. எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதியிருக்கிறார்: 'தீஸ்', 'தோஸ்' போன்ற சொற்களின் கடைசியில் உள்ள ஒலிக்காத 'ஈ' எழுத்தையும் கான்ராட் உச்சரித்துவிடுவாராம். கேட்டுக் கற்குமுன் கண்ணால் படித்துக் கற்ற சொற்களில் இப்படித்தான் நேரும். 'ஷல்', 'வில்' குழப்பத்தைச் சொன்னவரும் வெல்ஸ்தான். பிரெஞ்சுக் கவிஞர் வலேரிக்கோ, நன்றாகப் பிரெஞ்சு பேசும் இவருடைய ஆங்கில உச்சரிப்பு இவ்வளவு மோசமா என்று வியப்பு.

நம் வகுப்புகளில் ஒரு தோழி எழுந்து ஆங்கிலப் பாடம் வாசிக்கையில் உச்சரிப்பு தவறினால், பின் வரிசையில் கிளுகிளுவென்று சிரிப்பு எழுவதுண்டு. சிரிப்பவர்களுக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. 1910 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். கான்ராடுக்கு அப்போது 52 வயது. ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நூல்களை விற்றுத் தரும் முகவர் பிங்கர் என்பவரோடு பணம் பற்றி வாக்குவாதம். ஆத்திரத்தில் கான்ராடின் பேச்சு குழறியிருக்கும் போலும். நீர் பேசுவது ஆங்கிலமே இல்லை என்ற பொருளில் பிங்கர் ஏதோ சொல்லிவிட்டார். கான்ராட் வீடு திரும்பிப் படுக்கையில் விழுந்தார். உடலும் மனமும் ஒருசேர முறிந்தன. வாரக்கணக்கில் தம் நாவலின் பாத்திரங்களோடு பேசிப் பிதற்றினார். எழுந்தபின், அவர் சொன்னதைக் குறிப்பிட்டு பிங்கருக்கு விறைப்பான கடிதம் எழுதினார். பல ஆண்டு நட்பு சீராகக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் பிடித்தன. பிறகு முன்னிலும் நெருக்கமானார்கள். 1922இல் பிங்கர் இறந்தபோது கான்ராட் மிகவும் கலங்கினார். என்றாலும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிங்கர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பிற்பகுதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'சான்ஸ்' என்ற நாவலுக்குப் பிறகே கடன் தீர்ந்தது. கீல்வாத நோய் கடைசிவரை தொல்லை கொடுத்தது. மேடை என்றால் அச்சம். ஆயினும் 1923 மே மாதம் நியூயார்க்கில் ஒரு செல்வர் வீட்டில் கூடியிருந்தோர் முன், தம் 'விக்டரி' நாவலின் பகுதிகளை அந்தப் போலிஷ் உச்சரிப்போடேயே வாசித்தார். கதாநாயகி இறக்கும் இடம் வந்தபோது கேட்டவர்கள் விம்மியதைத் தாமே கேட்டதாக மனைவிக்கு எழுதினார். 1924இல் பிரிட்டிஷ் அரசு 'சர்' பட்டம் தர முன்வந்தது. நன்றி கூறி மறுத்துவிட்டார்.

1924 ஆகஸ்ட் 3ஆம் நாள் கென்ட் மாவட்டத்தில் தம் வீட்டில், 66ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். கான்டர்பரியில் புனித தோமையார் ஆலயத்தில் கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. ஆங்கிலேயருக்கு வசதியாக அவர் ஒதுக்கி வைத்திருந்த கோஷெனியோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரைக் கல்லறைக் கல்லில் பொறித்தார்கள். கூடவே தியோடோர் என்ற நடுப்பெயரையும் பொறித்தார்கள். அதில் எழுத்து மாறி, போலிஷிலும் சேராத ஆங்கிலத்திலும் சேராத 'டெயடோர்' என்ற ஒரு பெயர் இன்றும் அந்தக் கல்லில் நிற்கிறது.